மூத்தோர் அறியாத செய்தி

இலங்கை வானொலியின் தமிழ்ச் சேவையிலே மரண அறிவித்தல்கள் வாசிக்கப்பட்ட வேளைகளில் தமிழர் வாழும் பல இல்லங்களில் ஓர் அமைதி நிலவியதுண்டு. சிறுவரின் கூச்சல் அடக்கப்படும். அடுக்களையில் அம்மியின் ஓசை நின்றுவிடும். திண்ணையிற் சாய்ந்திருந்த பாட்டனார் எழுந்து வந்து, காதருகே கையைக் குவித்துக்கொண்டு நிற்பார். சாவுச் செய்தியைக் கேட்பதிற் கிழவர்களுக்கு இத்துணை ஆவல் ஏன் என்று இளையோர் நகைத்ததும் உண்டு.

அந்த ஆவல் சாவைப் பற்றியதன்று. மரண அறிவித்தலின் அமைப்பைச் சற்று நோக்கினால் இது விளங்கும். இன்ன ஊரைப் பிறப்பிடமாகவும் இன்ன ஊரை வதிவிடமாகவும் கொண்டவர் என்று அது தொடங்கும். காலஞ்சென்ற இன்னாரின் மகன், இன்னாரின் மருமகன், இன்னாரின் கணவர், இன்னின்னாரின் தந்தை, இன்னாரின் மைத்துனர், இன்னாரின் மாமனார் என்று உறவு வரிசையாக வரும். இறுதியில் உற்றார் உறவினர் நண்பர் யாவரும் இவ்வறிவித்தலை ஏற்றுக்கொள்ள வேண்டும் என்ற வேண்டுகோளுடன் முடியும். இரண்டு நிமிடத்துள் ஒரு குடும்பத்தின் மூன்று தலைமுறை கூறப்பட்டுவிடும். கேட்டுக்கொண்டிருந்த பாட்டனார், அவர் தமக்கு எந்த வழியில் உறவு, அவர் வீட்டுக்குத் தாம் கடைசியாகச் சென்றது எந்தக் கலியாணத்துக்கு, இப்பொழுது யார் யாருக்குச் சொல்ல வேண்டும், யார் போக வேண்டும் என்பவற்றையெல்லாம் அந்த இரண்டு நிமிடத்துள் முடிவு செய்துவிடுவார். குடும்பத்தின் உறவுப் பதிவேட்டை வைத்திருந்தவர் அவரே. வானொலி அதில் ஒரு வரியை எழுதிக் கொடுத்தது, அவ்வளவுதான்.

யாழ்ப்பாணத்து வழக்கிலே ‘பேரன்’ என்னும் சொல் பாட்டனையே குறிக்கும். ‘பேத்தி’ என்பது பாட்டியைக் குறிக்கும். தமிழகத்தார் காதில் இது தலைகீழாக ஒலிக்கக் கூடும். ஆயினும் பெயரைத் தந்தவனும் அந்தப் பெயரைத் தாங்குபவனும் ஒரே சொல்லால் அழைக்கப்படுவதில் ஒரு நியாயம் இல்லாமலில்லை. மகனுடைய மகனுக்குத் தந்தையின் பெயரை இட்ட குடும்பங்களில் பெயர் ஒரு தலைமுறை தாண்டித் திரும்பி வந்தது. செய்தியும் அவ்வாறே வர வேண்டியது. ஆனால் இக்காலத்திற் பல வீடுகளில் அது வழியில் நின்றுவிடுகிறது. மூத்தோர்க்குச் சொல்லாமல் விடப்படும் செய்திகள், மூத்தோர் சொல்லாமல் விடும் செய்திகள் என்ற இரு வகையையும் ஆராய்தல் அவசியம். அவர்தம் உடல் நலம், இறை வழிபாடு, ஊர்ப் பணி ஆகிய மூன்றும் இவற்றோடு பின்னிக் கிடக்கின்றன.

முன்னாளில் தீய செய்தியைத் தந்தி கொண்டு வந்தது. தந்திச் சேவகன் படலையில் நின்றாலே வீட்டுப் பெண்கள் அழத் தொடங்கிவிடுவர். அதை மறைப்பதற்கு வழியிருக்கவில்லை. 1983ஆம் ஆண்டு யூலைக் கலவரத்தின் பின்னர் பிள்ளைகள் கனடா, இங்கிலாந்து, பிரான்சு, நோர்வே, அவுஸ்திரேலியா என்று பிரிந்து சென்றனர். பெற்றோர் பலர் ஊரிலேயே தங்கினர். 1990ஆம் ஆண்டு மீண்டும் போர் மூண்டதும் யாழ்ப்பாணக் குடாநாட்டில் மின்சாரம் நின்றது. மின்கலங்களுக்குத் தடை வந்தது. அக்காலத்தில் துவிச்சக்கர வண்டியைத் தலைகீழாக நிறுத்தி, பேரப்பிள்ளை மிதியைக் கையாற் சுற்ற, டைனமோ தரும் மின்சாரத்தில் வானொலி கேட்ட வீடுகள் எத்தனையோ. மகனின் குரலைத் தொலைபேசியிற் கேட்பதற்காக வவுனியாவுக்கும் கொழும்புக்கும் நாட்கணக்கிற் பயணம் செய்த தாய்மார் இருந்தனர். செய்தி அரிதாக வந்தது. வந்த செய்தி முழுமையாக வந்தது. கடிதத்தை ஒருவர் வாசிக்க, வீடு முழுவதும் கேட்டது.

இன்றோ கைத்தொலைபேசியில் முகம் பார்த்துப் பேசலாம். பேரப்பிள்ளையின் பிறந்தநாள் அப்பம் வெட்டப்படுவதை அதே கணத்தில் அம்மம்மா காண்கிறார். ஆனால் தொலைபேசி அவர் கையில் இல்லை; மகளின் கையிலோ, மருமகளின் கையிலோ இருக்கிறது. எந்த அழைப்பை அவரிடம் நீட்டுவது, எதனை முற்றத்துக்குச் சென்று தாழ்ந்த குரலிற் பேசுவது என்பதை மற்றவர் தீர்மானிக்கின்றனர். வழிகள் பெருகிய காலத்திலேயே மறைப்பதும் எளிதாகிவிட்டது.

வடமராட்சியில் ஒரு வீட்டைக் கருதுவோம். எழுபத்தெட்டு வயதுடைய ஒரு பேத்தியார். கணவர் காலமாகிப் பல ஆண்டுகள் ஆகின்றன. மகள் குடும்பத்தோடு வாழ்கிறார். மகன் கனடாவிலுள்ள தொறொன்ரோ நகரில் இருக்கிறான். கணவரின் தம்பியார் இலண்டனிற் காலமானார். “அம்மாவுக்கு இப்ப சொல்ல வேண்டாம், தாங்கமாட்டா” என்று மகனும் மகளும் தொலைபேசியிற் பேசி முடிவெடுத்தனர். அவர்கள் நெஞ்சிற் களவில்லை. தாயின் இரத்த அழுத்தம் உயரும் என்ற அச்சமே காரணம். நாற்பது நாட்கள் கடந்தன. வெள்ளிக்கிழமை கோயிலுக்குச் சென்ற இடத்தில் அயலூர்ப் பெண்ணொருத்தி அவரது கையைப் பற்றி, கொழுந்தனாரின் இழப்புக்குத் துக்கம் விசாரித்தாள்.

அம்மூதாட்டி எத்தகைய நிலையில் நின்றிருப்பார்! துயரம் ஒரு பங்கு. தம் குடும்பத்துச் செய்தியைப் பிறர் வாயாற் கேட்ட நாணம் மற்றொரு பங்கு. இவற்றிலும் பெரிதாக ஒன்று உண்டு. தந்தை வழி உரித்தினரிடையே இறப்பு நேர்ந்தால் 31 நாட்கள் துடக்குக் காத்து, அந்தியேட்டி முடியும் வரை கோயிலுக்குட் செல்லாதிருத்தல் யாழ்ப்பாணத்துச் சைவக் குடும்பங்கள் பலவற்றின் வழக்கம். மணமான பெண்ணுக்குக் கணவன் வழியே உரித்து. ஆகவே அந்த முப்பத்தொரு நாட்களிலும் அவர் அறியாமலே கோயிலுக்குட் சென்று வந்திருக்கிறார். துடக்கு என்னும் வழக்கம் ஏற்புடையதா என்பது வேறு விவாதம். கற்றறிந்தோர் பலர் அதனை மறுப்பதும் உண்டு. ஆயின் எழுபது ஆண்டுகளாக ஒருவர் தம் மனச்சான்றோடு ஏற்று நடந்த ஒழுக்கத்தை, அவருக்குத் தெரியாமல் மற்றவர் முறிக்கச் செய்தல் எவ்வகையில் அன்பாகும்? இறந்தவரின் பெயரைச் சொல்லி ஒரு விளக்கேற்றும் உரிமையும், தனித்துவிட்ட கொழுந்தன் மனைவியோடு நான்கு வார்த்தை பேசும் உரிமையும் அவரிடமிருந்து எடுக்கப்பட்டுவிட்டன.

முதியோர் துயரத்தைத் தாங்கார் என்ற எண்ணமே ஐயத்துக்குரியது. பெற்றோரையும் உடன்பிறந்தாரையும் கணவரையும் இழந்து, இடம்பெயர்ந்து, குண்டுச் சத்தங்களுக்கிடையே பிள்ளைகளை வளர்த்து, மீண்டும் சொந்த வளவுக்குத் திரும்பி வேலி கட்டியவர்கள் இவர்கள். இழப்பைத் தாங்கும் பழக்கத்தில் இவர்களுக்கு நிகராக அவ்வீட்டில் எவருமில்லை. தாங்க முடியாதிருப்பது பெரும்பாலும் சொல்ல வேண்டியவரே.

சொல்லும் முறையிற் கவனம் வேண்டும் என்பது உண்மை. இரவிற் சொல்லுதல் ஆகாது. உறக்கம் கெடும், தனிமையில் நினைவு பெருகும். காலை உணவும் மருந்தும் முடிந்த பின்னர், நெருங்கிய ஒருவர் அருகில் அமர்ந்து, நேரிற் சொல்லுதல் நன்று. சுற்றி வளைத்து, “கொஞ்சம் வருத்தமாம், ஆசுபத்திரியிலை வைச்சிருக்கினமாம்” என்று பல நாட்களுக்குத் துண்டு துண்டாகச் சொல்வது, ஒரு துயரத்தைப் பல துயரமாக்குவதன்றி வேறில்லை. அவர் கேட்கும் வினாக்களுக்கு விடை கூற வேண்டும். காது மந்தமானவராயின் முகம் பார்த்து, ஒளியுள்ள இடத்திலிருந்து, மெதுவாகச் சொல்ல வேண்டும். பக்கத்து வீட்டுக்குக் கேட்கும்படி கத்துவதால் விளக்கம் கூடுவதில்லை. சொன்ன பின்னர் அவருக்குச் செய்வதற்கு ஏதேனும் இருக்க வேண்டும். தேவாரமோ, செபமாலையோ, யாசீன் ஓதுதலோ, துக்கம் விசாரிக்கும் ஒரு தொலைபேசி அழைப்போ, அவரவர் நெறிக்கேற்ப அதனை அவரே தேர்வார்.

மறைத்தலின் மறுபக்கம் இனி வருவது. செய்தி சொல்லப்படாத வீட்டில் மூத்தோரும் சொல்லாதிருக்கப் பழகிவிடுகின்றனர். மேற்கூறிய பேத்தியார்க்குச் சில மாதங்களாகக் காலையிற் படுக்கையை விட்டு எழும்போது தலை சுற்றி வந்தது. ஒருநாள் கிணற்றடியில் தள்ளாடி விழுந்தும் விட்டார். முழங்கையில் உரசல் மட்டுமே. மகள் கண்டுவிட்டாள். “கொண்ணனுக்குச் சொல்லிப்போடாதை பிள்ளை, அவன் அங்கை ஏங்கிப்போவான்” என்றார் தாய். மகனுக்கு மட்டுமா? மாதந்தோறும் செல்லும் வைத்தியசாலைக் கிளினிக்கிலும் அவர் அதனைச் சொல்லவில்லை. சொன்னால் வாட்டிலே மறித்துவிடுவார்கள், மகளுக்குச் சிரமம், கோயிலில் திருவிழா நெருங்குகிறது.

இத்தலைச்சுற்றுக்குக் காரணம் பலவாக இருக்கலாம். அவற்றுள் மிகப் பொதுவான ஒன்றை யாவரும் அறிந்திருத்தல் நலம். படுத்திருப்பவர் எழுந்து நிற்கும்போது குருதி கால்களை நோக்கி இறங்கும். இளையோர் உடலில் இரத்தக் குழாய்கள் உடனே சுருங்கி அதனைச் சமன் செய்யும். முதுமையில் இச்செயல் தாமதமாகின்றது. இரத்த அழுத்தத்தைக் குறைக்கும் குளிசைகளும் சிறுநீரைப் பெருக்கும் குளிசைகளும் உட்கொள்வோரிடம் மேலும் தாமதமாகலாம். அந்தச் சில கணங்களில் மூளைக்குச் செல்லும் குருதி குறைந்து கண் இருளும். வயது ஏற ஏறத் தாகம் எடுக்கும் உணர்வும் மங்குவதால், வெயில் காலத்தில் தண்ணீர் போதாமையும் இதனுடன் சேர்ந்துகொள்கின்றது. இவர் அமர்ந்திருக்கும்போது கிளினிக்கில் அளக்கப்படும் அழுத்தம் திருத்தமாகவே காட்டும். எழுந்து நின்ற பின்னரும் ஒருமுறை அளந்தாலன்றி இக்குறை வெளிப்படாது. நோயாளி சொன்னாலன்றி அவ்வாறு அளக்க எவர்க்கும் தோன்றாது. நூற்றுக் கணக்கானோர் வரிசையில் நிற்கும் இடத்தில், வாய் திறவாதவருக்குப் பழைய குளிசைகளே மீண்டும் எழுதப்படும்.

விழுதலைச் சிறு விபத்தாக எண்ணலாகாது. முதுமையில் எலும்பு மெலிந்திருக்கும். பெண்களுக்கு மாதவிடாய் நின்ற பின்னர் அது விரைவாக மெலிகின்றது. தொடை எலும்பின் கழுத்துப் பகுதி முறிந்தால் சத்திரசிகிச்சையும் நீண்ட படுக்கையும் தொடரும். படுக்கையால் நெஞ்சிற் சளி கட்டும், புண் உண்டாகும், மனம் தளரும். நடந்து திரிந்தவர் மீண்டும் முன்போல் நடக்காதிருப்பதும் உண்டு. இத்தனையையும் தடுக்கக் கூடியவை மிகச் சிறியனவே. எழுமுன் கட்டிலின் விளிம்பில் ஒரு நிமிடம் இருத்தல், இரவில் மலசலகூடத்துக்குச் செல்லும் வழியில் விளக்கு, குளிக்கும் இடத்தில் பாசி தேய்த்தல், சுவரில் ஒரு கைபிடி, கண்ணில் வெண்படலம் உண்டாவென்று பார்த்தல். மறைக்கப்பட்ட முதல் விழுகையே பெரும் விழுகைக்கு முன்னறிவித்தல் என்பதை மட்டும் மறத்தல் ஆகாது.

இறை வழிபாட்டிலும் இத்தகைய மறைப்பு ஒன்றுண்டு. ஐப்பசி மாதத்துக் கந்தசட்டி விரதத்தை எடுத்துக்கொள்வோம். ஆறு நாட்கள் பகல் உணவின்றியும், சிலர் நீர் மட்டும் அருந்தியும் இருந்து ஏழாம் நாட் பாறணை செய்வர். பேத்திமார் பலர் பத்து வயதிலிருந்து இதனை விடாது பிடித்து வருகின்றனர். அவர்களுட் கணிசமானோர் சலரோகத்துக்கு, அதாவது ஊர்ப் பேச்சிற் சீனி வருத்தத்துக்கு, மருந்து உட்கொள்பவர்கள். குளிசையோ ஊசியோ வழக்கம்போல் ஏற்றிவிட்டு உணவை மட்டும் நிறுத்தினால் குருதியிற் சீனி மிகக் குறைந்துவிடும். வியர்வை, நடுக்கம், தடுமாற்றமான பேச்சு ஆகியன தோன்றும், கவனியாவிடின் மயக்கம். மருந்தை நிறுத்திவிட்டு விரதம் இருந்தாலோ சீனி ஏறிவிடும். மருந்தின் அளவையும் வேளையையும் மாற்றி வழி காட்ட வைத்தியரால் இயலும். ஆனால் ‘விரதம் பிடிக்க வேண்டாம்’ என்று சொல்லிவிடுவாரே என்ற அச்சத்தால் அவரிடம் சொல்வதில்லை. வைத்தியரும் கேட்பதில்லை. இருவருக்குமிடையே முருகப் பெருமான் மௌனமாக நிற்கிறார்.

சமயங்கள் இவ்விடயத்தில் முதியோரைக் கடிந்து வருத்துவதில்லை. கத்தோலிக்கத் திருச்சபையின் சட்டப்படி ஒருசந்தி என்னும் உண்ணா நோன்புக் கடமை 59 வயது நிறைந்ததோடு நீங்கிவிடுகின்றது. இசுலாத்தில் நோன்பு நோற்க இயலாத முதியோரும் தீரா நோயினரும், விடுபடும் நாள் ஒவ்வொன்றுக்கும் ஓர் ஏழைக்கு உணவளித்தால் போதும். சைவத்திலும் பாலும் பழமும் உண்டு விரதம் காக்கும் முறை நெடுங்காலமாக உள்ளது. ஆனால் சட்டம் விலக்கினாலும் மனம் விலக்குவதில்லை. அறுபது ஆண்டு பிடித்த விரதத்தை விடுமாறு கூறுவது, தம்மை இவ்வீட்டில் இனி வேண்டாதவராக்குவது போன்றே அவர்களுக்குத் தோன்றுகிறது. ஆதலின், ‘விடுங்கள்’ என்பதினும் ‘எப்படிப் பிடிக்கலாம்’ என்று வைத்தியரோடு கலந்து கேட்பதே பயன் தரும். அக்கேள்வியைக் கேட்க மகளோ மருமகனோ உடன் செல்ல வேண்டும். விரதம் தொடங்க இரு வாரங்கட்கு முன்னர் செல்ல வேண்டும்; சூரன்போர் அன்று காலையிலன்று.

வடக்கிலே கடல் கடந்த பிள்ளைகளாற் செய்தி தடைப்படுகிறது என்றால், மலையகத்தில் நிலைமை வேறு. தோட்டத்து லயங்களில் மூன்று தலைமுறை இரண்டு சிறு அறைகளில் வாழ்கின்றது. அங்கே தாழ்ந்த குரலிற் பேசுவதற்கு முற்றமுமில்லை. பேரப்பிள்ளைகள் கொழும்பில் வேலைக்குச் செல்ல, அப்பாயியும் அம்மாயியும் கொள்ளுப்பிள்ளைகளைப் பிள்ளைக்காம்பராவுக்குக் கொண்டு விடுகின்றனர். அவர்களிடம் கேட்கப்படாமற் போவது பழைய செய்தி.

அச்செய்தியின் பெறுமதி பெரிது. 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டமும் 1949ஆம் ஆண்டுத் தேர்தற் சட்டத் திருத்தமும் மலையகத் தமிழருள் மிகப் பெரும்பாலோரின் வாக்குரிமையைப் பறித்தன. 1964ஆம் ஆண்டு சிறிமா - சாத்திரி ஒப்பந்தம் 525,000 பேரை இந்தியாவுக்கு அனுப்பவும், 300,000 பேருக்கு இலங்கைக் குடியுரிமை வழங்கவும் வகை செய்தது. எஞ்சிய 150,000 பேரின் விதி ஒத்தி வைக்கப்பட்டது. ஒரே லயத்தில் அண்ணன் ஒரு நாட்டுக்கும் தம்பி ஒரு நாட்டுக்கும் உரியவராயினர். தலைமன்னாரிலிருந்து கப்பலேறிய அக்காமார் நீலகிரி மாவட்டத்துக் கூடலூர்ப் பக்கம் தேயிலைக் காட்டிலேயே மீண்டும் கொழுந்து பறித்தனர். நாடற்றோர் என்னும் நிலை முற்றாக நீங்குவதற்கு 2003ஆம் ஆண்டுச் சட்டம் வரை காத்திருக்க நேர்ந்தது. தந்தை 1947ஆம் ஆண்டு வாக்களித்ததைக் கேள்விப்பட்டவர்களாய், நடுவயது கடந்த பின்னரே தாம் முதன்முறை வாக்களித்த பாட்டிமார் இன்றும் இருக்கின்றனர். தேர்தல் நாளன்று விடியுமுன் குளித்து, துவைத்த சேலை உடுத்து, அடையாள அட்டையை முந்தானையில் முடிந்துகொண்டு அவர்கள் வரிசையில் நிற்பதன் பொருள், பேரன் பேத்திக்குச் சொல்லப்படாவிட்டால் யாருக்குத் தெரியும்? பாடநூலில் அது இரண்டு பந்தி.

குடிமைப் பணியில் மூத்தோருக்குரிய இடம் இன்னும் சரியாக உணரப்படவில்லை. நாட்டின் சனத்தொகையில் 60 வயதைக் கடந்தோர் 1981ஆம் ஆண்டிலே நூற்றுக்கு ஏழு பேரளவில் இருந்தனர்; 2012ஆம் ஆண்டுக் கணிப்பில் அது 12.4 ஆகியது, அதன் பின்னரும் ஏறிக்கொண்டே வருகின்றது. 2000ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க முதியோர் உரிமைகள் பாதுகாப்புச் சட்டம், பெற்றோரைப் பேணுதல் பிள்ளைகளின் கடமை என வகுத்தது. தம்மைத் தாமே பேண இயலாத பெற்றோர் பிள்ளைகளிடமிருந்து பராமரிப்புப் பெறுவதற்கென ஒரு சபையையும் அமைத்தது. இச்சட்டத்தைப் பயன்படுத்த எந்தத் தாயும் விரும்பாள் என்பது தெரிந்ததே. எனினும் அது இருப்பதை அறிந்திருத்தல் வேறு, பயன்படுத்தல் வேறு. கிராம அலுவலர் பிரிவுகளில் முதியோர் சங்கங்கள் நிறுவப்பட்டுள்ளன. 60 வயதினர்க்கு முதியோர் அடையாள அட்டை வழங்கப்படுகிறது.

ஒக்தோபர் முதலாந் திகதி முதியோர் தினம். இந்நாட்டிற் சிறுவர் தினமும் அன்றே வருவது அழகிய பொருத்தம். ஆயினும் அவ்விழா பல இடங்களில் எவ்வாறு நடக்கின்றது? முதியோரை மாலையிட்டு முன்வரிசையில் இருத்துவர். மேடையிலிருந்து ஐம்பது வயதுக்கு உட்பட்டோர் முதுமையின் பெருமை பற்றி ஒன்றரை மணிநேரம் பேசுவர். பின்னர் ஒரு சோற்றுப் பொதியும் ஒரு துவாயும் கொடுத்து அனுப்பிவிடுவர். ஒரு முதியவரேனும் ஒலிவாங்கியின் முன் நிறுத்தப்படுவது அருமை. வீட்டில் நடப்பதே மேடையிலும் நடக்கின்றது: அவரைப் பற்றிப் பேசுகிறார்கள், அவரோடு பேசுவதில்லை.

உண்மையான ஊர்ப் பணி ஆரவாரமின்றி வேறிடத்தில் நடைபெறுகின்றது. காலை ஏழு மணிக்குச் சனசமூக நிலையத்து வாசிகசாலையில் நாளிதழைப் பங்கு பிரித்து வாசிக்கும் ஓய்வுபெற்ற எழுதுவினைஞரும் கமக்காரரும் ஊரின் வாய்க்கால், வீதி, தெருவிளக்கு ஆகியவற்றின் கணக்கை நாவில் வைத்திருக்கின்றனர். எந்த வெள்ளத்தில் எந்த மதகு அடைபட்டது, யார் காணிக்கூடாக நீர் வழிந்தது என்பதைப் பிரதேச சபை உறுப்பினர் அவர்களிடமே கேட்டறிய வேண்டும். மரண உதவிச் சங்கத்தின் கணக்குப் புத்தகம் பெரும்பாலும் ஒரு முதியவரிடமே இருக்கின்றது. யார் வீட்டில் இழவு, எவ்வளவு கொடுத்தோம், கொட்டகைத் தகரம் யாரிடம் உள்ளது என்பது அவருக்குத் தெரியும். போரினாற் காணி உறுதிகளை இழந்த குடும்பங்களுக்கு எல்லைக் கல் எங்கே நின்றது, அப்பூவரசு யார் நட்டது என்று சாட்சி சொல்ல எஞ்சியிருப்பவர்களும் இவர்களே. இவை யாவும் செய்தி அறிந்திருப்பதால் விளையும் பணிகள். செய்தி நிறுத்தப்பட்டவர் ஒரு திங்களில் வாசிகசாலைக்குப் போவதை நிறுத்திவிடுவார். மறுதிங்களிற் சங்கக் கூட்டத்தை.

வாக்களிக்கும் நாளிலும் பார்வை குன்றியவர்களையும் நடக்க இயலாதவர்களையும் ‘நீங்கள் ஏன் சிரமப்பட வேண்டும்’ என்று வீட்டிலே விட்டுச் செல்லும் வழக்கம் இருக்கின்றது. உடற்குறையுடையவர் தம்மோடு ஒருவரைத் துணையாக அழைத்துச் சென்று வாக்கிட 2011ஆம் ஆண்டின் 28ஆம் இலக்கச் சட்டம் இடமளித்துள்ளது. அதற்கான தகுதிச் சான்று முன்கூட்டியே பெறப்பட வேண்டும். கிராம அலுவலரிடம் ஒரு வாரம் முன்னர் விசாரித்தாற் போதுமான காரியத்துக்காக ஒருவரின் வாக்கு வீணாகிறது.

வடமராட்சி வீட்டில் அதன் பின்னர் நிகழ்ந்தது இது. கோயிலிலிருந்து திரும்பிய பேத்தியார் இரு நாட்கள் எவரோடும் பேசவில்லை. மூன்றாம் நாள் தலை முழுகினார். சுவாமி அறையில் விளக்கேற்றி வைத்துவிட்டு, இலண்டனுக்குத் தொலைபேசி எடுத்துத் தருமாறு மகளைக் கேட்டார். கொழுந்தன் மனைவியோடு முக்கால் மணி நேரம் பேசினார். பாதி நேரம் அழுகை, மீதி நேரம் எட்டுச் செலவுக்கு என்ன படைத்தார்கள், அந்தியேட்டியை அங்கே யார் செய்து வைத்தார் என்ற விசாரணை. அடுத்த ஞாயிற்றுக்கிழமை மாலை, தொறொன்ரோவிற் காலை வேளை, மகன் அழைத்தான். தாய் தொலைபேசியை வாங்கினார். தமக்குச் சொல்லாததற்காக அவனைக் கடிந்துகொண்டார். பின்னர், சற்று நேரம் பேசாதிருந்துவிட்டு, கிணற்றடியில் விழுந்ததைத் தாமே சொன்னார். கிளினிக் கொப்பியின் கடைசிப் பக்கத்திலே, காலை எழும்போது தலைச்சுற்று, விழுந்த திகதி, அவ்வாண்டு கந்தசட்டி தொடங்கும் திகதி ஆகிய மூன்றையும் மகள் எழுதி வைத்தாள். செவ்வாய்க்கிழமை கிளினிக். இம்முறை இருவரும் போனார்கள்.